மூன்று பாட்டு நேரம்

சுருலேரே, லாகோஸ்
12 மார்ச் 1985

டோலானி,

கேக் வெட்டுவதற்கு முன்னால் எழுந்து போன ஒரே ஆள் நீதான். நானூறு பேர் வந்திருந்தார்கள். தெருவை இரண்டு பக்கமும் மறித்துப் பந்தல் போட்டிருந்தோம். சமையல்காரியின் அண்ணி வரைக்கும் கடைசிப் பாட்டு முடியும்வரை உட்கார்ந்திருந்தாள். பெற்ற மகள் பாதியில் காணாமல் போய்விட்டாள்.

"சின்னவ எங்க?" என்று எத்தனை பேர் கேட்டார்கள் தெரியுமா? நீ பாடம் எடுக்கும் பள்ளிக்கூடத்தில் பரீட்சை, விமானத்தைப் பிடிக்க ஓடினாள் என்று ஒரு பொய் சொன்னேன். "சனிக்கிழமை சாயங்காலம் எந்தப் பள்ளிக்கூடத்துல பரீட்சை வைக்கிறாங்க?" என்று பியோலா சித்தி எல்லார் காதிலும் விழும்படி கேட்டாள். சித்தியின் வாயை உனக்குத் தெரியும். இந்நேரம் எபுட்டே மெட்டா முழுக்கப் பரவியிருக்கும்.

அன்று காலையில் இருந்தே உன் முகம் சரியில்லை. நான் பலோகன் சந்தையில் என் கடையிலிருந்தே எடுத்துக் கொடுத்த திராட்சை நிறத் துணியை, விருந்துக்கு எல்லாரும் உடுத்திய அதே துணியை, கன்னியாஸ்திரி மாதிரி கழுத்துவரை தைத்துப் போட்டுக்கொண்டு வந்தாய். சரி, போகட்டும். ஜொலோஃப் சோற்றை முள்கரண்டியால் கிளறிவிட்டு அப்படியே வைத்தாய். அதுவும் போகட்டும். உன் வீட்டுக்காரர் பங்கோலே மூன்று தட்டு சாப்பிட்டார், அந்த மனுஷனுக்காவது நன்றி. ஆனால் அம்மாவின் எழுபதாவது பிறந்தநாளில், அம்மாவிடம் சொல்லிக்கொள்ளாமல் போனாயே. கேக் வெட்டும்போது அம்மா தலையைத் திருப்பித் திருப்பித் தேடினாள். பக்கவாதத்தில் அவளுக்கு வாய் கோணியிருக்கிறது, கண் கோணவில்லை.

படம் ஒன்று அனுப்புகிறேன். அம்மா நடுவில் இருக்கிறாள். பக்கத்தில் காலியாக இருப்பது உன் இடம்.

இபிதுன்


ஜோஸ்
24 மார்ச் 1985

அன்புள்ள அக்கா,

படத்தைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். அதை என் வீட்டில் வைத்துக்கொள்ள என்னால் முடியாது.

ஏன் போனேன் என்று சொல்கிறேன். எனக்குக் குமட்டியது. இதைவிட மரியாதையான வார்த்தை தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை.

காலையில் மாடு அறுத்த ரத்தத்தை யாரும் ஒழுங்காகக் கழுவவில்லை. மேலே மரத்தூளைக் கொட்டி, அதன்மேல் விரிப்பைப் போட்டுவிட்டார்கள். வெயில் ஏறியதும் அந்த வாடை பாட்டோடு சேர்ந்து மேலே வந்தது. எனக்கு எதிர் மேசையில் இருந்த பெண்கள் பொரித்த இறைச்சியைக் கைப்பைக்குள் திணித்துக்கொண்டிருந்தார்கள். பையின் அடியிலிருந்து எண்ணெய் சொட்டியது. தலையில் திராட்சை நிறக் குல்லாய் போட்ட ஒருவர் எழுந்து போய்ச் சாக்கடையில் வாந்தி எடுத்தார். அதே குல்லாயால் வாயைத் துடைத்துக்கொண்டு திரும்ப வந்து, விட்ட இடத்திலிருந்து சாப்பிட ஆரம்பித்தார். வாசலில் வருகிறவர்களுக்கெல்லாம் அம்மாவின் முகம் அச்சடித்த பிளாஸ்டிக் கிண்ணம் கொடுத்தீர்கள். நாளைக்கு யாரோ அதில் துணி ஊறவைப்பார்கள், அம்மாவின் முகத்தின்மேல்.

இதெல்லாம் லாகோஸ். பொறுத்துக்கொண்டேன். நானும் அங்கே வளர்ந்தவள்தான்.

அம்மாவைப் பதினொரு மணிக்கு அந்த வாடகைச் சிம்மாசனத்தில் ஏற்றினீர்கள். நான் போகும்போது மணி நாலரை. முகத்துக்குப் பூசிய பவுடர் வேர்வையில் வெடித்துக் கோடு கோடாக வழிந்தது. கோணிய வாயோரம் எச்சில் ஒழுகியது. உங்கள் தோழி ஒருத்தி அதைத் துடைத்துவிட்டு அதே துணியால் தன் கழுத்தையும் துடைத்துக்கொண்டாள். ஆடிக்கொண்டே வந்தவர்கள் பண நோட்டுகளை ஒவ்வொன்றாக அம்மாவின் ஈரமான நெற்றியில் ஒட்டினார்கள். அம்மா நல்ல கையைத் தூக்கித் தடுக்கப் பார்த்தாள். "பாருங்க, அம்மா ஆடுறாங்க" என்றான் பாட்டுக்காரன் ஒலிபெருக்கியில். எல்லாரும் சிரித்தார்கள். நீங்களும் சிரித்தீர்கள், அக்கா.

அப்புறம் அது நடந்தது. நாற்காலியின் சிவப்பு வெல்வெட் கறுத்தது. அம்மாவின் செருப்போரம் சொட்டியது. நீங்கள் பார்த்தீர்கள். பார்த்துவிட்டு, தோளில் இருந்த துணியை எடுத்து அம்மாவின் மடியில் விரித்துவிட்டு, வாத்தியக்காரர்களைப் பார்த்து இன்னும் பலமாக என்று கையைக் காட்டினீர்கள். அவளை அந்த ஈரத்திலேயே உட்கார வைத்துவிட்டு, அவளுக்கு முன்னால் நின்று ஆடினீர்கள்.

அதற்குமேல் என்னால் அங்கே மூச்சுவிட முடியவில்லை.

அம்மாவை என்னிடம் அனுப்பிவிடுங்கள். இங்கே குளிர்ந்த காற்று, சுத்தமான அறை, சத்தமில்லாத தெரு. அவளை ஒரு மனுஷியாக நடத்துவேன்.

டோலானி


சுருலேரே
9 ஏப்ரல் 1985

டோலானி,

உன் கடிதத்தைக் கடையில் வைத்துப் படித்தேன். துணி வாங்க வந்தவள், "யாராவது செத்துட்டாங்களா?" என்று கேட்டாள். அப்படி இருந்திருக்கிறது என் முகம்.

முதலில் ஒன்று தெரிந்துகொள். அந்த விருந்து அம்மா கேட்டது. பக்கவாதம் வருவதற்கு ஒரு வருஷம் முன்னால், ரயில்வே வாசலில் சோறு விற்றுக்கொண்டிருந்த காலத்திலேயே, "எழுபது வந்தா எனக்குத் தெருவ மறிச்சுப் பந்தல் போடணும். ஊரே என்னைப் பார்க்கணும்" என்று சொன்னாள். இருபத்தேழு வருஷம் ஊருக்குச் சோறு போட்டவள், ஒரு நாள் ஊர் தனக்காக வந்து சாப்பிட வேண்டும் என்று ஆசைப்பட்டாள். திராட்சை நிறம்கூட அவள் சொன்னதுதான். உனக்கு இதெல்லாம் தெரியாது. நீ அப்போது இபாதானில் பட்டம் படித்துக்கொண்டிருந்தாய்.

இப்போது அந்த நாற்காலி விஷயம். நானூறு பேருக்கு முன்னால் நான் அவளைத் தூக்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? பின்பக்கம் முழுக்க நனைந்த துணியோடு, சொட்டச் சொட்ட, பந்தல் நடுவில் நடத்திக்கொண்டு போயிருக்க வேண்டும். பியோலா சித்தி பார்த்திருப்பாள். சந்தையில் எல்லாரும் பார்த்திருப்பார்கள். சாகிறவரைக்கும் அம்மாவின் பெயர் அதுவாகத்தான் இருந்திருக்கும். அதனால்தான் துணியைப் போட்டேன். அதனால்தான் முன்னால் நின்றேன். என் உடம்பு பெரிய உடம்பு, நீ அடிக்கடி சொல்லிக் காட்டுவாயே, அன்றைக்கு அது பயன்பட்டது. மூன்று பாட்டு. கூட்டம் சாப்பாட்டு மேசைப் பக்கம் திரும்ப அவ்வளவு நேரம்தான் ஆனது. திரும்பியதும் அம்மாவைப் பின்வாசல் வழியாக உள்ளே கொண்டுபோய்க் கழுவி, வேறு துணி உடுத்தி, கேக் வெட்டக் கூட்டிவந்தேன். அந்த நானூறு பேரில் ஒருத்தருக்கும் தெரியாது.

உனக்கு மட்டும் தெரியும். நீ பார்த்தாய். நான் உன்னைப் பார்த்தேன். ஓடி வருவாய், ஒரு பக்கம் நீ நிற்பாய், ஒரு பக்கம் நான் நிற்கலாம் என்று நினைத்தேன். நீ கைக்குட்டையை எடுத்து மூக்கில் வைத்தாய்.

அருவருப்பைப் பற்றி எனக்குப் பாடம் எடுக்காதே. நாலு வருஷமாக இந்தக் கை என்னவெல்லாம் தொட்டிருக்கிறது என்று எழுதினால் உன்னால் இந்தக் காகிதத்தைக் கையில் பிடிக்க முடியாது. நீ வருஷத்துக்கு இரண்டு தடவை வந்து, கட்டிலோரம் உட்கார்ந்து, வாசனைச் சோப்பு கொடுத்துவிட்டுப் போகிறவள்.

அம்மாவைக் கூட்டிக்கொள். சண்டைக்குச் சொல்லவில்லை. எனக்கு அலுத்துவிட்டது, டோலானி. இடுப்பு வலி தாங்கவில்லை. மே மாதம் அனுப்புகிறேன், பியோலா சித்தி கூட வருவாள். சக்கர நாற்காலியின் இடப்பக்கச் சக்கரம் கொஞ்சம் இழுக்கும், பார்த்துக்கொள்.

இபிதுன்


ஜோஸ்
19 மே 1985

அன்புள்ள அக்கா,

அம்மா நல்லபடியாக வந்து சேர்ந்தாள். பியோலா சித்தி குளிர் தாங்காமல் மறுநாளே கிளம்பிவிட்டாள்.

தோட்டத்தைப் பார்த்த அறையை அம்மாவுக்குக் கொடுத்திருக்கிறோம். வெள்ளைத் திரை, வெள்ளை விரிப்பு. காலை ஆறரைக்குக் குளியல், ஏழு மணிக்குக் கஞ்சி, பத்து மணிக்கு வெயிலில் நாற்காலி. எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டியிருக்கிறேன். கானெங் என்று ஒரு பெண்ணை உதவிக்கு வைத்திருக்கிறோம். புக்குரு பக்கத்துக்காரி, ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தவள். கானெங் கஞ்சியை வடிகட்டித்தான் கொடுக்கிறாள், புரையேறுவதே இல்லை. தலை பின்னுவதும் கானெங்குக்கு நன்றாக வருகிறது. அம்மாவுக்கு ஹவுசா தெரியாது, கானெங்குக்கு யொரூபா தெரியாது, இருந்தும் இரண்டு பேரும் எதையோ பேசிக்கொள்கிறார்கள். கானெங் முகத்தை ஒரு மாதிரி கோணிக்காட்டினால் அம்மா சிரிக்கிறாள். நான் அறைக்குள் போனால் அந்தச் சிரிப்பு நின்றுவிடுகிறது. "உன்னோட டீச்சர் முகத்தைப் பார்த்தா யாரு சிரிப்பா?" என்று பங்கோலே கேலி செய்கிறார்.

படுக்கைப் புண் எதுவும் இல்லை என்று கானெங் சொல்கிறாள்.

ஒரு விஷயம் கேட்க வேண்டும். சில நாள் அம்மா வாயை இறுக்கி மூடிக்கொண்டு சாப்பிட மறுக்கிறாள். அப்போது நீங்கள் என்ன செய்வீர்கள்? எழுதினால் கானெங்கிடம் சொல்லிவிடுவேன்.

டோலானி


சுருலேரே
4 ஜூன் 1985

டோலானி,

வாயை மூடிக்கொண்டால் விட்டுவிடு. பசித்தால் அவளே கேட்பாள். வேர்க்கடலை கிடைத்தால் நன்றாக அரைத்துக் கஞ்சியில் கலந்து கொடு.

உன் கடிதத்தில் கானெங்கின் பெயர் ஏழு தடவை வருகிறது. நான் எண்ணினேன். கஞ்சி கானெங், தலை கானெங், சிரிப்பு கானெங். புண் இல்லை என்று கானெங் சொல்கிறாளாம். ஏன், உனக்குக் கண் இல்லையா? துணியை விலக்கிப் பார்த்தால் தெரியாதா?

நல்ல பெண்ணாக இருக்கலாம். அவளைப் பற்றி எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் அவளும் சர்ச்சுக்குப் போவாள், அவள் வீட்டிலும் கல்யாணம் காட்சி வரும். அன்றைக்கு அம்மாவை யார் கழுவுகிறார்கள்?

இந்த ஒரு கேள்விக்குப் பதில் எழுது. திரையின் நிறம் எனக்குத் தேவையில்லை.

இபிதுன்


ஜோஸ்
25 ஜூன் 1985

அக்கா,

உங்கள் கடிதம் வந்ததிலிருந்து பதில் எழுத உட்காருகிறேன். ஒவ்வொரு தடவையும் ஒரு பொய் எழுதுகிறேன், கிழித்துப்போடுகிறேன். நேற்று முன்தினம் நடந்ததற்குப் பிறகு பொய் எழுத வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கானெங்கின் தம்பிக்குக் கல்யாணம். பங்கோலே ஜாரியாவில் இருக்கிறார். காலை ஒன்பது மணிக்கு அறையிலிருந்து நாற்றம் வந்தது. கதவைத் திறந்தேன். அம்மாவுக்கு வயிறு போயிருந்தது. விரிப்பு, போர்வை, நல்ல கையின் விரல்கள் வரைக்கும். அவளே அதைத் தள்ளிவிடப் பார்த்திருக்கிறாள், அதனால் சுவரிலும் இருந்தது. நான் எழுதி ஒட்டிய தாளிலும் இருந்தது.

ஒரு அடி உள்ளே வைத்தேன். நடைக்கு ஓடிவந்து அங்கேயே வாந்தி எடுத்தேன். துப்பினேன், வாயைத் துடைத்தேன், மறுபடி உள்ளே போனேன், மறுபடி ஓடிவந்தேன். மூன்றாவது தடவை போகவில்லை. கதவைச் சாத்தினேன்.

சாத்தும்போது அம்மாவின் குரல் கேட்டது. அந்தக் கோணிய வாயால், மெதுவாக, "பெலே. பெலே, கண்ணு." சின்ன வயதில் நாம் விழுந்தால், காய்ச்சலில் வாந்தி எடுத்தால், பாவம், சரியாகிவிடும் என்று முதுகைத் தடவிச் சொல்வாளே, அதே பெலே. அவள் அந்த அசிங்கத்தில் கிடந்துகொண்டு, வாந்தி எடுக்கும் எனக்குச் சொன்னாள்.

நான் போய் அவளைத் தூக்கவில்லை, அக்கா. சமையலறையில் போய் உட்கார்ந்தேன். கானெங் மதியம் ஒன்றரைக்கு வந்தாள், கல்யாண உடுப்போடு. அந்த உடுப்பின் கையை மடித்துவிட்டுக்கொண்டு நேராக உள்ளே போனாள். ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள், அவ்வளவுதான். அந்தப் பார்வையை நான் உங்கள்மேல் வைத்துப் பழகியவள், அதனால் என்ன அர்த்தம் என்று தெரியும்.

நாலரை மணி நேரம். நீங்கள் மூன்று பாட்டு என்றீர்கள்.

உங்கள் கேள்விக்குப் பதில்: அம்மா இங்கே வந்ததிலிருந்து நான் ஒரு நாள்கூட அவளைக் கழுவியதில்லை. லாகோஸுக்கு வருஷத்துக்கு இரண்டே தடவை வந்ததும் அதனால்தான். பள்ளிக்கூடம், பரீட்சை, தூரம் எல்லாம் சாக்கு. அந்த அறையின் வாடை எனக்கு ஆகாது. அம்மாவின் உடம்பு எனக்கு ஆகாது. அன்று பந்தலில் உங்களைப் பார்த்துத்தான் குமட்டுகிறது என்று நினைத்தேன். கைக்குட்டையை எடுத்தது உங்களுக்காக இல்லை.

இரண்டு நாளாக அம்மா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருக்கிறாள். என் கையைப் பார்த்தால் எனக்கே தொடப் பிடிக்கவில்லை. சுத்தமாக இருக்கிறது, அதனால்தான்.

டோலானி


சுருலேரே
8 ஜூலை 1985

டோலானி,

உன் கடிதம் வந்ததும் விமானச் சீட்டு வாங்கக் கிளம்பினேன். பாதி வழியில் டாக்ஸியைத் திருப்பச் சொன்னேன். நான் வந்து அம்மாவைத் தூக்கிக்கொண்டு போய்விட்டால் நீ அந்த மூடின கதவுக்கு வெளியிலேயே காலம் முழுக்க உட்கார்ந்திருப்பாய்.

முதலில் வேலையைச் சொல்கிறேன். நானும் முதல் மூன்று மாசம் வாந்தி எடுத்தேன். யாரிடமும் சொல்லவில்லை. பக்கத்தில் ஒரு வாளி வைத்துக்கொள்வேன், எடுப்பேன், வாயைக் கழுவிக்கொண்டு தொடர்வேன். பழகிவிடும் என்று சொல்கிறவர்கள் செய்யாதவர்கள். பழகாது. மூக்குக்குக் கீழே தைலம் பூசிக்கொள். ஜன்னலைத் திற. பழைய துணியால் முதலில் வழித்து எடு, அப்புறம்தான் தண்ணீர். முன்னாலிருந்து பின்னால் துடை, மாற்றிச் செய்தால் புண்ணாகும். கோணின பக்கம் தோளைப் பிடித்து இழுக்காதே, கழன்றுவிடும். அம்மா உன் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருப்பாள். முகத்தை மறைக்க முயற்சி செய்யாதே, அது அவளுக்கு இன்னும் மோசம்.

இப்போது நான் ஒன்று சொல்ல வேண்டும். நீ உன்னுடையதைச் சொன்னாய். நான் சொல்லாமல் இருந்தால் நியாயமில்லை.

எனக்கும் அம்மாவுக்கும் ஒரு ஜாடை உண்டு. ஒன்றுக்குப் போக வேண்டும் என்றால் என் மணிக்கட்டைக் கிள்ளுவாள். அன்று கிள்ளினாள். அப்போதுதான் துணி வியாபாரிகள் சங்கத் தலைவி மதாம் ஒலாபிசி தன் ஆட்களோடு பந்தலுக்குள் நுழைந்தாள். பெரிய வரிசையில் ஒரு கடை காலியாகிறது, அது யாருக்கு என்பது அவள் வாயில் இருக்கிறது. அவள் வந்து அம்மாவின் காலடியில் குனிந்து வாழ்த்தும்போது சிம்மாசனம் காலியாக இருந்தால் எப்படி? "கொஞ்சம் பொறுங்கம்மா, இந்த ஒரு பாட்டு" என்றேன். அம்மா மறுபடி கிள்ளினாள். நான் கையை எடுத்துக்கொண்டேன். எடுத்த கையால் மதாமுக்குக் கும்பிடு போட்டேன். அந்தப் பாட்டு முடிவதற்குள் வெல்வெட் நனைந்துவிட்டது.

ஊர் பார்க்காமல் மறைத்தேன் என்று உனக்கு எழுதினேன். அது உண்மை. ஆனால் மறைக்கவேண்டிய நிலைமையை உண்டாக்கியதும் நான்தான். கடை கிடைத்துவிட்டது. போன மாசம் சாவி கொடுத்தார்கள். ஷட்டரைத் தூக்கும் ஒவ்வொரு காலையும் மணிக்கட்டில் அந்த இடம் உறுத்துகிறது. திறக்காத நாளும் உண்டு.

இந்தக் கடிதத்தை அம்மாவுக்குச் சத்தமாகப் படித்துக் காட்டு. என் முகத்தை அவள் பார்க்காத இடத்திலிருந்து சொல்கிறேன், அந்தக் கோழைத்தனத்தையும் சேர்த்தே படி. அவள் எங்கே இருக்க வேண்டும் என்று நீயும் நானும் கடிதத்தில் பேரம் பேசியது போதும். அவளையே கேள்.

இபிதுன்


ஜோஸ்
4 ஆகஸ்ட் 1985

அக்கா,

கானெங்கை வாரம் இரண்டு நாள் வரவேண்டாம் என்று சொல்லிவிட்டேன். முதல் நாள் இரண்டு தடவை வாந்தி எடுத்தேன். தைலத்தால் கண் எரிந்து அழுதேன், அம்மா அதை வேறு அழுகை என்று நினைத்திருப்பாள். கை தவறி ஒரு குடம் தண்ணீரை மெத்தையிலேயே கொட்டினேன். எல்லாம் முடிய இரண்டு மணி நேரம் ஆனது. நீங்கள் சொன்னது சரி, பழகவில்லை. நேற்றுகூடப் பாதியில் வெளியே ஓடினேன். திரும்பிப் போனேன்.

பயத்தில் எனக்கு வாய் ஓயவில்லை. பள்ளிக்கூடக் கதை, மழை, பங்கோலேயின் குறட்டை என்று எதையோ பேசிக்கொண்டே துடைத்தேன். அம்மா கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தாள். அப்புறம், "என்னடி... பிரசங்கம்" என்றாள். அந்தப் பெலேயைத் தவிர, இங்கே வந்து அவள் என்னிடம் பேசிய முதல் வாக்கியம்.

உங்கள் கடிதத்தை இன்று காலை படித்துக் காட்டினேன். கோழைத்தனம் என்று நீங்கள் எழுதியிருந்ததையும் விடவில்லை. கிள்ளிய இடம் வந்ததும் படிப்பதை நிறுத்தினேன். அம்மா தலையை ஆட்டி, மேலே படி என்று காட்டினாள். முழுக்கக் கேட்டாள்.

"தெரியும்" என்றாள்.

"அக்கா மேல கோவமாம்மா?"

"ஆமா."

"என் மேல?"

"உன் மேலயும்."

எங்கே இருக்க வேண்டும் என்று கேட்டேன். டிசம்பர் வரைக்கும் இங்கே, அப்புறம் அங்கே என்று விரலை மடக்கிச் சொன்னாள். நம் இரண்டு பேரையும் விடுவதாக இல்லை. இன்னும் ஏதாவது சொல்வாள் என்று கடிதத்தை மடித்துக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். அவளைக் கழுவ வைத்திருந்த தண்ணீர் ஆறிக்கொண்டிருந்தது. தன் சட்டையை நான் கழற்றுவதற்காக அம்மா நல்ல கையை மேலே தூக்கினாள்.

டோலானி